ஈஸ்டர் திருநாள் வந்த வழி



தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி தன் தந்தையிடம் ஒரு நாள் இப்படிக் கேட்டாள்: "அப்பா, கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் டிசம்பர் 25ஆம் தேதிதான் வருது. ஈஸ்டர் மட்டும் ஏன் ஒரு வருஷம் மார்ச் மாசத்துல வருது, இன்னொரு வருஷம் ஏப்ரல் மாசத்துல வருது?"

தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இருந்தும் இந்தக் கேள்விக்கு அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "சாமியாரைக் கேட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சிறுமி கேட்டது சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை எருசலேம் நகருக்கும், அதற்கும் அப்பால் பழைய எகிப்து நாட்டில் அடிமைகள் செங்கல் அறுத்த களத்துக்கும் அழைத்துச் செல்கிறது. நேயர்களே, இன்று அந்த வழியே சற்று நடந்து பார்ப்போம். கிறிஸ்தவர்களுக்கு இது அவர்களுடைய தலையாய திருநாளின் வரலாறு. மற்றச் சமயத்தவர்க்கு, பக்கத்து வீட்டார் கொண்டாடும் ஒரு பெருநாளைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி.

முதலில், தேதி மாறுவது ஒன்றும் புதுமையன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். தைப்பூசம் ஆண்டுதோறும் ஒரே ஆங்கிலத் தேதியிலா வருகிறது? இல்லை. தை மாதத்துப் பூச நட்சத்திரத்தையும் முழுநிலவையும் பார்த்துத்தான் அந்நாள் வருகிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. நம் மலாய் அன்பர்களின் நோன்புப் பெருநாள் பிறையைக் கண்டு வருகிறது. சீனப் புத்தாண்டும், புத்த சமயத்தாரின் விசாக நாளும் நிலவைப் பின்பற்றுபவையே. ஈஸ்டரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த திருநாள்தான்.

அப்படியானால் ஈஸ்டர் எந்த நிலவைப் பார்க்கிறது? ஏன் பார்க்கிறது? விடை, யூத மக்கள் கொண்டாடும் 'பாஸ்கா' என்னும் பெருவிழாவில் இருக்கிறது.

பாஸ்கா விழாவின் கதையை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், யாத்திராகமம் என்னும் நூலில் காணலாம். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன இஸ்ரவேல் மக்கள், காலப்போக்கில் அந்நாட்டு மன்னனுக்கு அடிமைகளாகிவிட்டனர். மண்ணைப் பிசைந்து, வைக்கோல் கலந்து, செங்கல் அறுப்பது அவர்கள் வேலை. அவர்கள் ஓய்வு கேட்டபோது மன்னன் என்ன செய்தான் தெரியுமா? "இனி இவர்களுக்கு வைக்கோல் கொடுக்காதீர்கள், அதை அவர்களே தேடிக்கொள்ளட்டும், ஆனால் கல்லின் கணக்கு மட்டும் குறையக்கூடாது" என்னும் கருத்துப்பட ஆணையிட்டான். கணக்குக் குறைந்தால் அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் யார்? அவர்கள் மேல் கண்காணிப்பாளர்களாக வைக்கப்பட்டிருந்த அவர்கள் இனத்தாரேதான். தினக் கணக்கும் அதட்டலும் இன்னவை என்று அறிந்த எவருக்கும் இந்தப் பகுதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மக்களை மோசே என்னும் தலைவர் விடுதலை பெறச் செய்து அழைத்துச் சென்றார் என்கிறது யாத்திராகமம். புறப்பட்ட இரவில் வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை அறுத்து, அதன் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசினர். மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாததால் புளிக்காத அப்பத்தோடு கிளம்பினர். அந்த இரவின் நினைவாகவே யூதர்கள் இன்றுவரை ஆண்டுதோறும் பாஸ்காவைக் கொண்டாடுகின்றனர். அவர்கள் நாட்காட்டியில் நிசான் மாதம் 14ஆம் நாள் மாலையில், அதாவது அங்கே குளிர் நீங்கி இளவேனில் பிறந்த பின் வரும் முழுநிலவு நாளை ஒட்டி, அவ்விழா தொடங்குகிறது. நிலவு வெளிச்சத்தில் ஓர் அடிமைக் கூட்டம் விடுதலைக்கு நடந்த இரவு அது. ஈஸ்டர் பின்பற்றும் நிலவு இந்த நிலவுதான்.

இனி எருசலேமுக்கு வருவோம். ஏறத்தாழ கி.பி. 30ஆம் ஆண்டு. சில அறிஞர்கள் 33 என்பர். யூதேயா நாடு அப்போது உரோமைப் பேரரசின் பிடியில் இருந்தது. கி.பி. 26 முதல் 36 வரை அங்கே ஆளுநராக இருந்தவர் பொந்தியு பிலாத்து. பாஸ்கா விழாவுக்காக எருசலேமில் மக்கள் திரண்டிருந்தனர். அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் விழா அல்லவா? அன்னிய ஆட்சியின் கீழ் வாழும் மக்கள் அப்படியொரு விழாவுக்குக் கூடும்போது ஆட்சியாளர்க்கு அச்சம் வருவது இயல்பே. அந்த விழா நாட்களில்தான் நாசரேத்து ஊரைச் சேர்ந்த இயேசு கைது செய்யப்பட்டு, விசாரிக்கப்பட்டு, சிலுவையில் அறையப்பட்டார். சிலுவை மரணம் உரோமையர் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதித்த தண்டனை. உரோமைக் குடிமக்களுக்குப் பொதுவாக அதை அவர்கள் விதிப்பதில்லை.

இச்செய்தி விவிலியத்தில் மட்டும் இருப்பதன்று. கிறிஸ்தவர்களைச் சிறிதும் விரும்பாத உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ், ஏறத்தாழ கி.பி. 116இல் எழுதிய நூலில், திபேரியு பேரரசர் காலத்தில் பிலாத்துவின் கையால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். ஆகவே இயேசு சிலுவையில் இறந்தார் என்பதை வரலாற்றறிஞர் பெரும்பாலும் ஒருமனதாக ஏற்கின்றனர்.

அடுத்து நடந்ததைக் கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையின் அடித்தளமாகக் கொள்கின்றனர். வெள்ளிக்கிழமை இறந்து அடக்கம் செய்யப்பட்ட இயேசு, மூன்றாம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்தார் என்பதே அது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள் ஆகிறது. உயிர்த்தெழுதலை நம்புவதும் நம்பாததும் அவரவர் சமய உரிமை. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தலைவர் கொல்லப்பட்டதும் அஞ்சிச் சிதறிய ஒரு சிறு கூட்டம், சில காலத்துக்குள் அதே நகரில் வெளிப்படையாக நின்று, "அவர் உயிரோடிருக்கிறார்" என்று சொல்லத் தொடங்கியது. அவர்களை அப்படி மாற்றியது எது? அவர்கள் சொன்ன காரணம் உயிர்ப்பு.

இந்தச் செய்தியை எழுத்தில் தரும் மிகப் பழைய சான்று பவுல் அடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதம். அது கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது. இயேசு இறந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் என்று சிலரைப் பவுல் அதில் வரிசைப்படுத்துகிறார். அவர்களில் பலர் அப்போது உயிரோடு இருந்ததையும் சொல்கிறார்.

நான்கு நற்செய்தி நூல்களும் பல விவரங்களில் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. ஞாயிறு விடியற்காலையில் கல்லறை வெறுமையாக இருப்பதை முதலில் கண்டவர்கள் பெண்கள். மகதலேனா மரியாளின் பெயர் நான்கிலும் இருக்கிறது. இறந்தவர் உடலுக்கு வாசனைப் பொருள் பூசும் கடமையைச் செய்யப் பெண்கள் போனார்கள் என்று மாற்கும் லூக்காவும் எழுதுகின்றனர். அவர்கள் ஓடிவந்து சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள் என்றும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று அக்காலத்தில் கருத்து இருந்ததை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியுள்ளார். கட்டுக்கதை புனைகிறவன் ஊர் நம்பாத சாட்சிகளைத் தேடிப் போவானா? ஆண்களையும் பெரிய மனிதர்களையும் அல்லவா சாட்சியாக நிறுத்துவான்? அறிஞர் பலர் இதை எடுத்துக்காட்டுவது உண்டு. நமக்கோ இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. யாரும் காது கொடுக்காதவர்களின் வாய்மொழியாகவே இத்திருநாள் தொடங்கியது.

இவ்வாறு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்களுக்குத் தனிச்சிறப்பு உடைய நாளாயிற்று. ஆனால் அது அன்று ஓய்வு நாள் அன்று. அடிமைகளும் கூலிகளும் அன்றும் வேலைக்குப் போக வேண்டும். பிறகு எப்படிக் கூடி வழிபட்டார்கள்?

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வட பகுதியை ஆண்ட உரோமை ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் பொழுது விடியுமுன் ஒன்றுகூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். பிறகு கலைந்துபோய், மீண்டும் உணவு அருந்தக் கூடுகிறார்கள் என்று அவர் விசாரித்து அறிந்ததை எழுதுகிறார். உண்மையைக் கறக்க அவர் சித்திரவதை செய்தது யாரைத் தெரியுமா? அந்தச் சபையில் பணிவிடைப் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களை.

விடியுமுன் எழுவது நம் தோட்ட மக்களுக்குப் பழக்கமான ஒன்று. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்களுக்கு, வேலைக்கு முன் கிடைக்கும் அந்த இருட்டு நேரத்தின் அருமை தெரியும். ஆதிக் கிறிஸ்தவர்களில் பலர் அந்த நேரத்தைத்தான் வழிபாட்டுக்கு ஒதுக்கினார்கள்.

நேயர்களே, வாரந்தோறும் ஞாயிறு கொண்டாடியவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ப்புப் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். ஆசியா மைனர் என்னும் பகுதியினர், "யூதர்களின் பாஸ்கா தொடங்கும் நிசான் 14ஆம் நாளே சரி, அது எந்தக் கிழமையானாலும் ஆகட்டும்" என்றனர். உரோமையிலும் வேறு பல இடங்களிலும், "ஆண்டவர் உயிர்த்தது ஞாயிறு, ஆகவே அந்த நிலவை அடுத்த ஞாயிறே சரி" என்றனர். ஒருவர் நோன்பிருக்கும்போது மற்றவர் விருந்துண்ணும் நிலை வந்துவிட்டது.

ஏறத்தாழ கி.பி. 155இல் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரமான ஸ்மிர்னாவிலிருந்து பொலிகார்ப் என்னும் முதிய ஆயர் உரோமைக்குப் பயணமானார். அங்கிருந்த ஆயர் அனிசேத்துஸ் என்பவரோடு இதைப் பேசினார். "இயேசுவின் சீடர் யோவானோடு சேர்ந்து நான் கொண்டாடிய முறையை எப்படி விடுவேன்?" என்பது பொலிகார்ப்பின் வாதம். "எனக்கு முன்னிருந்த பெரியோர் காட்டிய முறையை நான் எப்படி விடுவேன்?" என்பது மற்றவரின் வாதம். இருவரும் இறங்கி வரவில்லை. ஆனால் முடிவில் நடந்தது என்ன? அனிசேத்துஸ் தம் கோயிலில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் பெருமையைப் பொலிகார்ப்புக்கே விட்டுக்கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தனர்.

ஏறத்தாழ கி.பி. 190இல் உரோமை ஆயராக இருந்த விக்டர் இவ்வளவு பொறுமையுடையவராக இல்லை. தம்மோடு ஒத்துவராத ஆசியா மைனர் சபைகளை ஒதுக்கிவைக்கவே முற்பட்டார். அப்போது பிரான்சு நாட்டு லியோன் நகரின் ஆயர் இரேனியு அவருக்குக் கடிதம் எழுதி, பொலிகார்ப்பும் அனிசேத்துஸும் நடந்துகொண்ட விதத்தை நினைவூட்டினார். விரதம் வேறுபட்டாலும் விசுவாசம் ஒன்றே என்பது அவர் அறிவுரையின் சாரம். நாள் பார்ப்பதிலும் கோயில் முறையிலும் தகராறு வந்து, ஒரே தோட்டத்து மக்கள் இரு கோஷ்டியாகப் பிரிவதைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் இந்தப் பழைய செய்தியை நினைத்துப் பார்க்கலாம்.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவாளரானார். கி.பி. 321இல் அவர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கிச் சட்டம் செய்தார். நீதிபதிகளும், நகர மக்களும், கைத்தொழிலாளர்களும் அன்று ஓய்வெடுக்க வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் பயிர்த்தொழில் செய்வோர் மட்டும் அன்றும் வேலை செய்யலாம் என்று அதில் விலக்கு இருந்தது. விதைக்கும் நாளும் கொடி நடும் நாளும் தவறிவிடக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். நகரத்தாருக்கு ஓய்வு, காட்டு வேலைக்காரனுக்கு இல்லை! சட்டம் எழுதுகிறவர்கள் மண்ணில் உழைப்பவனைக் கடைசியில் நினைப்பது அன்றே தொடங்கிவிட்டது போலும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, கி.பி. 325இல், அதே பேரரசர் நிசேயா நகரில் ஆயர்களின் மாபெரும் சங்கத்தைக் கூட்டினார். அதுவும் இன்றைய துருக்கியில் உள்ள ஊர்தான். எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே ஞாயிறன்று ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. நாளைக் கணிப்பதில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரத்தார் வல்லவர்கள். அந்நகர ஆயர் ஆண்டுதோறும் கடிதம் எழுதித் திருநாளின் தேதியை அறிவிப்பார். அத்தனாசியு என்னும் ஆயர் கி.பி. 367இல் எழுதிய அத்தகைய கடிதம் ஒன்றில்தான், இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களின் பட்டியல் அப்படியே முதன்முதலாக வருகிறது.

காலப்போக்கில் எங்கும் நிலைபெற்ற கணக்கு இதுதான்: மார்ச் 21ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவைப் பார்க்க வேண்டும், அதற்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். மார்ச் 21 எதற்கு? குளிர் நாடுகளில் பகலும் இரவும் சமமாகி, இளவேனில் தொடங்குவதாகக் கொள்ளப்பட்ட நாள் அது. நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டில் மார்ச் 25, திங்கட்கிழமை முழுநிலவு வந்தது. அடுத்த ஞாயிறு மார்ச் 31. அன்றே ஈஸ்டர். இந்தக் கணக்குப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வராது. ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. நம் மாதக் கணக்கில் சொன்னால், பங்குனியில் வரும் அல்லது சித்திரைத் தொடக்கத்தில் வரும். நாட்காட்டியை எடுத்து நீங்களும் பிள்ளைகளும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

கடந்த நூற்றாண்டில் ஈஸ்டர் மிகப் பிந்தி, ஏப்ரல் 25இல் வந்தது 1943ஆம் ஆண்டில். அந்த ஆண்டு நம் தோட்டங்களில் மறக்க முடியாத ஆண்டு. ஜப்பானியர் ஆட்சியில், சயாம் மரண ரயில் பாதை போடுவதற்காக ஆயிரம் ஆயிரமாய்த் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டனர். எத்தனையோ பேர் திரும்பவில்லை. அடிமை வேலையும் அதிலிருந்து விடுதலையும் பழைய புத்தகத்துக் கதை மட்டுமன்று என்பதை நம் முதியோர் கண்ணால் கண்டிருக்கின்றனர்.

விழா கொண்டாடும் முறை எப்படி வளர்ந்தது? இயேசுவின் கல்லறை என்று கருதப்பட்ட இடத்தில் எருசலேமில் எழுந்த பெருங்கோயில் கி.பி. 335இல் அர்ச்சிக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 381 முதல் 384 வரை அங்கு தங்கிய எகேரியா என்னும் பெண் யாத்திரிகர், தாம் கண்டதையெல்லாம் ஊரில் உள்ள சகோதரிகளுக்கு எழுதினார். மக்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு, ஓலைகளையும் கிளைகளையும் ஏந்தி, ஒலிவ மலையிலிருந்து நகருக்குள் பாடி வந்ததை அவர் விவரிக்கிறார். இதுவே குருத்தோலை ஞாயிறு. நம் மக்கள் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து வீட்டில் செருகி வைக்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு இவ்வளவு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது.

'ஈஸ்டர்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வேற்றுத் தெய்வத்தின் திருவிழா என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் ஆங்கிலேயத் துறவி, ஈயோஸ்ட்ரே என்ற பழைய தெய்வத்தின் பெயரால் வழங்கிய மாதத்திலிருந்து இப்பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறார். ஆனால் இந்தப் பெயர் ஆங்கிலத்திலும் ஜெர்மானிய மொழியிலும்தான் வழங்குகிறது. கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய பல மொழிகளில் பாஸ்கா என்பதிலிருந்து வந்த பெயரே உள்ளது. ஆங்கிலேயர் அப்பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விழா நடந்துகொண்டிருந்தது. பெயர் ஓர் இடத்து வழக்கு. விழாவின் வேர் எருசலேமில்.

வண்ண முட்டை எப்படி வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினர். கோழிகளோ விரதம் பார்த்து முட்டையிடுவதை நிறுத்துமா? முட்டைகள் சேர்ந்துவிடும். விரதம் முடிந்ததும் அவற்றுக்கு வண்ணம் பூசிப் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தனர். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் வீட்டுக் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு பதிவாகியுள்ளது. முயல் கதை பின்னால் ஜெர்மனியில் தோன்றியது. இவை பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரலாம். விழாவுக்கு அடிப்படை அல்ல. கடையில் சாக்லேட் முட்டை வாங்கப் பணமில்லாத வீட்டிலும் ஈஸ்டர் குறைவின்றி நடக்கும்.

தேதிக் கதைக்கு இன்னோர் அத்தியாயம் உண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தது. பல நூற்றாண்டுகளில் அது பத்து நாள் பிழையாகச் சேர்ந்துவிட்டது. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று எண்ணப்பட்டது! கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் ஈஸ்டருக்கு இன்றும் பழைய நாட்காட்டியையே பின்பற்றுகின்றன. அதனால் 2024இல் அவர்களுக்கு ஈஸ்டர் மே 5இல் வந்தது. நிசேயா சங்கத்தின் 1700ஆவது ஆண்டாகிய 2025இலோ, இரு சாராருக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 20இல் வந்தது.

தேதியை ஒரேயடியாக நிலைப்படுத்திவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1928இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நிலையான தேதி வசதிதான். ஆயினும் நிலவின் கயிற்றை அறுத்துவிட்டால், பாஸ்கா நிலவோடும் அடிமைகள் நடந்த அந்த இரவோடும் உள்ள தொடர்பு மங்கிவிடும் என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள்.

வரலாறு சொல்லும்போது கசப்பான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதும் பொறுப்பு என்று சொல்லி, இடைக்கால ஐரோப்பாவில் புனித வார நாட்களிலேயே யூதர்கள் தாக்கப்பட்டது உண்டு. இயேசுவும் அவர் தாயும் சீடர்களும் யூதர்கள் என்பதைத் தாக்கியவர்கள் மறந்துவிட்டனர். விடுதலையின் விழாவே பிறரைத் துன்புறுத்தும் நாளாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், அந்தப் பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர் மீதோ, இன்று வாழும் யூதர் மீதோ சுமத்தக்கூடாது என்று தெளிவாக அறிவித்தது. ஒரு சமயம் தன் தவற்றைத் திருத்திக்கொள்வது அதற்குச் சிறுமையாகாது.

ஈஸ்டர் செய்தி தமிழில் அச்சேறி 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் பூசை நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களின் நடுவிலிருந்து, மக்கள் மொழியில் நடைபெறலாயிற்று. அதற்கும் முன்னர், பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்த உயிர்ப்புத் திருவிழிப்பு வழிபாட்டை 1951 முதல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார்.

இன்று அந்தச் சனிக்கிழமை இரவு கோயிலுக்குள் போனால் எல்லாம் இருட்டாக இருக்கும். வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். அதில் பெரிய பாஸ்காத் திரியைக் கொளுத்தி உள்ளே கொண்டுவருவார்கள். அந்த ஒரு சுடரிலிருந்து ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்கக் கொடுக்க, கோயில் முழுதும் மெழுகுவர்த்தி வெளிச்சம் பரவும். அப்போது வாசிக்கப்படும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளில், எந்த ஆண்டும் விடக்கூடாத பகுதி ஒன்று உண்டு. இஸ்ரவேல் அடிமைகள் கடலைக் கடந்து விடுதலை பெற்ற பகுதிதான் அது. பார்த்தீர்களா, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்!

இன்றைய கிறிஸ்தவர்க்கு இத்திருநாள் தரும் பொருள் என்ன? சபைக்குச் சபை வழிபாட்டு முறை வேறுபடலாம். ஆனால் பெரிய வியாழன் அன்று இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைக்கின்றனர். அது அக்காலத்தில் வேலைக்காரர் செய்யும் வேலை. பெரிய வெள்ளியன்று குற்றமற்றவர் ஒருவர் அதிகாரத்தின் கையில் பட்ட பாட்டை நினைக்கின்றனர். ஞாயிறன்று, அநியாயமான அந்தச் சாவோடு கதை முடிந்துவிடவில்லை, கடைசி வார்த்தை இறைவனுடையது என்று அறிக்கையிடுகின்றனர். இவ்வுலகில் இழந்தவர்களை மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கையில்தான் பலர் அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர்.

பெரிய வெள்ளி சிங்கப்பூரிலும், சபா, சரவாக் மாநிலங்களிலும் பொது விடுமுறை நாள். தீபகற்பத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களில் பலர், அன்றும் விடியுமுன் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அவசரமாகக் குளித்து, வெறும் வயிற்றோடு மூன்று மணிச் சிலுவைப் பாதைக்கு ஓடியவர்கள். அவர்கள் குறைபட்டுக்கொள்ளலாம். ஆனால் பிளினி காலத்து அந்த அடிமைப் பெண்களுக்கு அவர்கள்தான் மிக நெருங்கிய உறவு.

ஆகவே, அந்தச் சிறுமிக்கு அவள் தந்தை இனி இப்படிப் பதில் சொல்லலாம்: "அம்மா, கிறிஸ்துமஸ் சூரியனோட கணக்குல வருது. ஈஸ்டர் நிலவோட கணக்குல வருது. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, அடிமையா வேலை செஞ்சவங்க விடுதலையாகிப் போன ராத்திரி வானத்துல முழுநிலவு இருந்துச்சு. இயேசு இறந்ததும் உயிர்த்ததும் அந்த விழா நாள்லதான். அந்த ராத்திரியை மறக்கக்கூடாதுன்னுதான் ஈஸ்டர் வருஷா வருஷம் நிலவைத் தேடிப் போகுது."

பங்குனியிலோ சித்திரையிலோ, லயத்து வாசலில் உட்கார்ந்து முழுநிலவைப் பார்க்கும்போது, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும், உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.